மாதம் அறுநூறு ரூபாயில் ஒரு லினக்ஸ் சர்வர்

சிறு கடைக்கு ஒரு இணையதளம், ஒரு வலைப்பூ, நாள் முழுக்க ஓடவேண்டிய டெலிகிராம் பாட் என எதை நடத்தினாலும், எப்போதும் விழித்திருக்கும் கணினி ஒன்று தேவை. வீட்டுக் கணினியை அப்படி விடலாம் என்றால், பெரும்பாலான வீட்டு இணைய இணைப்புகளில் வெளியிலிருந்து நேரடியாக வந்தடையக்கூடிய ஐபி முகவரி கிடைப்பதில்லை, மின்வெட்டு வேறு. இதற்கான மலிவான வழி விபிஎஸ். டேட்டா சென்டரில் உள்ள பெரிய கணினி ஒன்றை மென்பொருளால் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து, அவற்றில் ஒன்றை வாடகைக்குத் தருகிறார்கள். தனி ஐபி முகவரியும் தனி இயங்குதளமும் முழு நிர்வாக உரிமையும் நமக்கு.

வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரம், வன்பொருள், இணைய இணைப்பு ஆகிய மூன்றோடு நிறுவனத்தின் பொறுப்பு முடிகிறது. பாதுகாப்பு, அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில். அதனால் இந்த வழிகாட்டியில் தளம் ஏற்றும் வேலையைவிட சர்வரைப் பூட்டும் வேலைக்கே அதிக இடம் தந்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. அளவும் ஊரும்

தொடக்கத்துக்கு 1 ஜிபி ரேம் போதும். டிஜிட்டல்ஓஷனில் 1 ஜிபி ரேம், 25 ஜிபி எஸ்எஸ்டி, மாதம் 1,000 ஜிபி டேட்டா கொண்ட சர்வரின் பட்டியல் விலை 6 டாலர். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 7.08 டாலர், ரூபாயில் அறுநூறுக்குச் சற்று மேல். வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. 512 எம்பி ரேமில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வேர்ட்பிரஸ்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் சேர்ந்தால் அதில் மூச்சுத்திணறும்.

பார்வையாளர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சர்வர் இருப்பது நல்லது. டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூருவிலும், அமேசான் லைட்செயிலுக்கு மும்பையிலும், லினோடை 2022-ல் வாங்கிய அகமாய்க்கு மும்பையிலும் சென்னையிலும் டேட்டா சென்டர்கள் உள்ளன. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் விலையில் கவர்ந்தாலும் அதற்கு இந்தியாவில் இடமில்லை; ஆசியாவில் சிங்கப்பூர்தான்.

2. சாவி தயாரித்தல்

சர்வரை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் என்ற முறை பயன்படுகிறது. பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, பின்லாந்தின் டாட்டு யிலோனன் 1995-ல் இதை எழுதினார். லினக்ஸ், மேக், விண்டோஸ் 10, 11 எல்லாவற்றிலும் இது கிடைக்கும்.

டெர்மினலைத் திறந்து ‘எஸ்எஸ்ஹெச்-கீஜென்’ கட்டளையை இடுங்கள்; வகை ஈடி25519 என்பதையும் அந்தக் கட்டளையிலேயே குறிப்பிடுங்கள். இரண்டு கோப்புகள் உருவாகும். ‘பப்’ என்று முடிவது பூட்டு. அதை யாருக்கும் தரலாம். மற்றது சாவி, அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. சாவிக்கு ஒரு கடவுத்தொடரும் வைத்துவிட்டால், மடிக்கணினி திருட்டுப் போனாலும் சர்வர் உடனே பறிபோகாது.

3. சர்வரை உருவாக்குதல்

நிறுவனத்தின் தளத்தில் கணக்கு தொடங்கியதும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். அந்தக் கணக்கு போனால் சர்வரும் போயிற்று. பிறகு இயங்குதளமாக உபுண்டு 24.04 எல்டிஎஸ், 2029 வரை இதற்கு இலவசமாகப் பாதுகாப்பு அப்டேட்கள் வரும். நுழைவு முறையில் கடவுச்சொல்லைத் தவிர்த்து, எஸ்எஸ்ஹெச் சாவியைத் தேர்ந்தெடுத்து ‘பப்’ கோப்பில் உள்ளதை ஒட்டுங்கள். ஓரிரு நிமிடத்தில் ஐபி முகவரி கிடைத்துவிடும்.

4. முதல் நுழைவு

‘எஸ்எஸ்ஹெச் ரூட்’ என்பதோடு ‘அட்’ குறியும் ஐபி முகவரியும் சேர்த்துத் தட்டினால் உள்ளே போகலாம். லைட்செயிலில் மட்டும் ரூட்டுக்குப் பதில் ‘உபுண்டு’ என்ற பயனர் தயாராக இருப்பார்.

முதல் வேலை ‘ஏபிடி அப்டேட்’, அடுத்து ‘ஏபிடி அப்கிரேட்’. பிறகு ‘ஆட்யூசர்’ கொண்டு உங்கள் பெயரில் ஒரு பயனரை உருவாக்கி, ‘யூசர்மாட்’ மூலம் நிர்வாக உரிமை தரும் ‘சூடோ’ குழுவில் சேர்த்துவிடுங்கள். ரூட்டின் எஸ்எஸ்ஹெச் அடைவை அந்தப் பயனரின் வீட்டு அடைவுக்கு நகலெடுத்து, உரிமையையும் அவர் பெயருக்கு மாற்றுங்கள். உரிமையை மாற்ற மறந்தால் சாவி சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படும்.

5. கடவுச்சொல் வழியை அடைத்தல்

பொது ஐபி கொண்ட எந்தச் சர்வரையும் தானியங்கி நிரல்கள் தேடி வந்து, கடவுச்சொற்களை ஊகித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். சாவி மட்டுமே செல்லும் என்றாக்கிவிட்டால் அந்த முயற்சிகள் வீண்.

எஸ்எஸ்ஹெச் அமைப்பில் ‘பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்’, ‘பெர்மிட் ரூட் லாகின்’ இரண்டையும் ‘நோ’ ஆக்க வேண்டும். இங்கே பலர் சறுக்குவார்கள். முதன்மைக் கோப்பில் ‘நோ’ என்று எழுதியிருந்தாலும், பக்கத்து அடைவில் 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் கோப்பு ‘யெஸ்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். முதலில் படிக்கப்படும் மதிப்பே செல்லும் என்பது எஸ்எஸ்ஹெச்சின் விதி. எனவே அதே அடைவில் 00 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, உங்கள் இரண்டு வரிகளையும் அதில் எழுதுங்கள். ‘எஸ்எஸ்ஹெச்டி’யுடன் பெரிய ‘டி’ (T) விருப்பத்தைச் சேர்த்து சூடோவில் ஓட்டினால், உண்மையில் எது நடப்பில் வரும் என்று பட்டியலிடும்.

சேவையை ரீஸ்டார்ட் செய்தபின், திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலில் புதிய பயனராக நுழைந்து, சூடோ வேலை செய்கிறதா என்றும் பார்த்த பிறகே பழையதை மூடவேண்டும். வெளியே மாட்டிக்கொண்டால், நிறுவனத்தின் தளத்தில் உள்ள கன்சோல் வழியாக நுழையலாம்.

6. ஃபயர்வால்

உபுண்டுவில் ‘யூஎஃப்டபிள்யூ’ இருக்கிறது. முதலில் ‘அலவ் ஓபன்எஸ்எஸ்ஹெச்’, பிறகு 80, 443 போர்ட்களுக்கு அனுமதி, கடைசியில்தான் ‘எனேபிள்’. வரிசை மாறினால் உங்களுக்கே கதவு அடைபடும். டாக்கர் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டாக்கர் வெளியிடும் போர்ட்கள் இந்த ஃபயர்வால் விதிகளைத் தாண்டிச் சென்றுவிடும். டேட்டாபேஸ் போன்றவற்றை 127.0.0.1 முகவரியோடு மட்டும் கட்டிவையுங்கள்.

7. ஸ்வாப்பும் தானியங்கி அப்டேட்டும்

1 ஜிபி ரேம் நிரம்பிவிட்டால் லினக்ஸ் கெர்னல் அதிகம் தின்னும் நிரலைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அது மைஎஸ்க்யூஎல்லாக இருக்கும். ரேம் போதாதபோது வட்டில் இடம் தரும் 1 ஜிபி ஸ்வாப் கோப்பு இருந்தால் இது குறையும். ‘எஃப்அலோகேட்’ கொண்டு கோப்பை உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, ‘எம்கேஸ்வாப்’, ‘ஸ்வாப்ஆன்’ கட்டளைகளை இடுங்கள். ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் ஒரு வரி சேர்த்தால் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்கும்.

பாதுகாப்பு அப்டேட்களை ‘அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ தானாகப் போட்டுக்கொள்ளும். ஆனால் கெர்னல் மாறினால் ரீபூட் தேவை. நுழையும்போது அப்படி அறிவிப்பு வந்தால் ஒத்திப்போடாதீர்கள்.

8. தளமும் டொமைனும்

‘ஏபிடி இன்ஸ்டால் என்ஜின்எக்ஸ்’ என்று இட்டு, உலாவியில் ஐபி முகவரியைத் திறந்தால் வரவேற்புப் பக்கம் தெரியும். டொமைன் வாங்கிய இடத்தில் ‘ஏ’ பதிவில் அந்த ஐபியைக் கொடுங்கள். டொமைன் சர்வரை வந்தடைகிறதா என்று பார்த்த பிறகே ‘செர்ட்பாட்’டை ஓட்டவேண்டும். அது லெட்ஸ் என்கிரிப்ட்டிடமிருந்து இலவசச் சான்றிதழ் வாங்கி எச்டிடிபிஎஸ் அமைத்துத் தரும். 90 நாள் சான்றிதழ் தானாகவே புதுப்பிக்கப்படும். ‘ரினியூ’வுடன் ‘டிரை-ரன்’ சேர்த்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

இதே சர்வரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பத் திட்டமிடாதீர்கள். ஸ்பேமைத் தடுக்கப் பல நிறுவனங்கள் 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. மின்னஞ்சலுக்கென்று உள்ள சேவை ஒன்றின் ஏபிஐ வழியாக அனுப்புவதே நல்லது.

9. பேக்கப்பும் பில்லும்

டிஜிட்டல்ஓஷனில் வாராந்திர பேக்கப்புக்கு சர்வர் வாடகையில் 20 சதவீதம் கூடுதல். 6 டாலருக்கு 1.20 டாலர் என்பது மிச்சம் பிடிக்கும் இடமல்ல. அதோடு நிறுத்தாமல், டேட்டாபேஸ் டம்ப்பையும் தளத்தின் கோப்புகளையும் ‘ஆர்சிங்க்’ மூலம் வீட்டுக் கணினிக்கும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் சர்வரும் பேக்கப்பும் இருந்தால், கணக்கு முடங்கும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். எடுத்த பேக்கப்பிலிருந்து ஒருமுறையாவது தளத்தை மீட்டுப் பாருங்கள்.

சர்வரை அணைத்து வைத்தால் கட்டணம் நிற்காது. உங்களுக்கான இடம் ஒதுக்கப்பட்டே இருப்பதால் வாடகை ஓடும். வேண்டாமென்றால் முழுவதுமாக அழிக்க வேண்டும். அழித்த பிறகும் விட்டுவைத்த ஸ்னாப்ஷாட்டுகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கணக்குப் பக்கத்தில் பில்லிங் அலர்ட் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தானியங்கிப் பிடித்தம் இந்திய கார்டுகளில் சில நேரம் தோற்கும். மாதக் கடைசியில் ஒருமுறை பில்லைப் பார்த்துவிடுவது நல்லது.

மாதத்தில் ஒரு மணி நேரமாவது அப்டேட், பேக்கப், பதிவுக் கோப்புகள் ஆகியவற்றைப் பார்க்க முடியுமென்றால் விபிஎஸ் எடுங்கள். இந்த விலையில் இவ்வளவு சுதந்திரம் வேறெதிலும் இல்லை. அதற்கு நேரமில்லாதவர்கள் ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே இருக்கட்டும். கவனிப்பாரற்ற சர்வர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நட்டம்தான்.