காரத்தை விரும்பும் நுண்ணுயிர்களும் தோல் தொழிலும்

மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில் லோணார் ஏரி உள்ளது. விண்கல் ஒன்று தக்காணத்தின் எரிமலைப் பாறையில் மோதியதால் உண்டான, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் விட்டமுள்ள பள்ளத்தில் அது அமைந்திருக்கிறது. ஏரிக்குள் நீர் வந்து சேர்கிறதேயன்றி வெளியேற வழியில்லை. நீர் ஆவியாக, சோடா உப்புக்கள் தங்கிவிடுகின்றன, நீரின் பி.எச். அளவு 10-ஐ ஒட்டியிருக்கிறது. சலவைச் சோடாக் கரைசலை ஒத்த இந்நீரிலும் பாக்டீரியங்களும் நீலப்பச்சைப் பாசிகளும் செழித்து வளர்கின்றன. 2020 ஜூனில் ஏரி இளஞ்சிவப்பாக மாறியதற்கு உப்பை விரும்பும் நுண்ணுயிர்களே காரணம் என்று புணேயிலுள்ள அகார்கர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது.

இத்தகைய உயிர்கள் தொழில் துறையினரின் கருத்தைக் கவர்ந்ததன் காரணம் எளியது. உயிரணுவின் உட்புறத்தை அவை கடுங்காரம் தாக்காமல் காத்துக்கொள்கின்றன. ஆனால் உணவைச் சிதைப்பதற்காக வெளியே சுரக்கும் நொதிகள் அந்தக் கார நீரிலேயே வேலை செய்தாக வேண்டும். ஆகவே, பிற நொதிகள் செயலிழந்துவிடும் ஆலைத் தொட்டியிலும் இவை தாங்கி நிற்கின்றன. காரவிரும்பிகளைத் தேட லோணாருக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. சாதாரணத் தோட்ட மண்ணிலும் அவை உண்டு.

இதன் பயனைப் பெருமளவில் பெற்றது சலவைத் தொழில். ஜெர்மானிய வேதியியலார் ஆட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைச் சலவைப் பொருளில் சேர்க்கும் முறைக்கு 1913-இல் காப்புரிமை பெற்றார். சோடாவின் காரத்தை அந்த நொதி தாங்கவில்லை. பேசில்லஸ் இனப் பாக்டீரியங்களின் நொதிகள் 1960-களில் சந்தைக்கு வந்த பின்னரே அவருடைய எண்ணம் நிறைவேறிற்று.

தோல் தொழிலில் சிக்கல் வேறு வகையானது. மயிர் நீக்குவதற்குச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் வழங்கி வருகின்றன. இவை மயிரைக் கரைத்துக் கூழாக்கிச் சாக்கடையில் சேர்க்கின்றன. பதனிடும் நிலையத்தின் மாசுச் சுமையில் பெரும் பங்கு இந்த ஒரு கட்டத்தில் உண்டாகிறது. சல்ஃபைடு கலந்த நீர் அமிலத்தோடு சேரும்போது எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, கழிவுத் தொட்டியில் இறங்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்க வல்லது. கங்கைக் கரையில், கான்பூரின் ஜாஜ்மவு பகுதியிலுள்ள தோல் நிலையங்கள் முதனிலைச் சுத்திகரிப்பேனும் செய்யாமல் இயங்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் ஆணையிட்டது. ஆயினும் சுத்திகரிப்பு என்பது மாசு உண்டான பின்னர் செய்யும் வேலையே.

நொதி முறை மாசு உண்டாகும் இடத்திலேயே கை வைக்கிறது. புரதத்தைச் சிதைக்கும் கார நொதியைக் குழம்பாக்கித் தோலின் சதைப் பக்கத்தில் பூசி, மடித்து, இரவு முழுவதும் அடுக்கி வைப்பர். மயிர்க்காலைப் பிணைத்திருக்கும் புரதங்கள் மட்டும் தளர்வதால் மயிர் முழுதாகக் கழன்று வருகிறது. அதனைச் சேகரித்து விற்கவும் இயலும். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நெடுங்காலமாக ஆய்வு நடத்தி வருகிறது.

அவ்வாறாயின் இம்முறை எங்கும் பரவாதது ஏன்? தோலின் உடலாக விளங்கும் கொலாஜனும் புரதமே. நொதி அதனைத் தொடாததாக இருத்தல் வேண்டும். நேரமும் வெப்பமும் மிகுந்தால் தோலின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு விலை குன்றும். சுண்ணாம்போ சிறு கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். எனவே பல நிலையங்கள் சல்ஃபைடை அறவே கைவிடாமல், அதன் அளவைக் குறைத்து நொதியையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. இது குறைவான முன்னேற்றமன்று.

கெட்டுப்போன தோலின் நட்டம் முழுவதும் சிறு நிலையத்தாரைச் சேர்கிறது. ஆற்றுக்குக் கிட்டும் நன்மையோ அவருடைய கணக்கில் ஏறுவதில்லை. நொதியின் விலையைச் சுண்ணாம்பின் விலையோடு மட்டும் ஒப்பிடும் திட்ட அறிக்கைகள் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றன. சுத்திகரிப்பில் மிச்சமாகும் செலவு, விற்பனைக்குரிய மயிர், சோதனைக் காலத்தில் கெடும் தோலுக்கான ஈடு ஆகிய மூன்றும் அக்கணக்கில் இடம்பெறல் வேண்டும்.