கொலஸ்ட்ரால்: அப்பா தந்ததும் அடுப்படி தருவதும்

புணே ஹடப்சரில் மகர்பட்டா, அமனோரா பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், கம்பெனி ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வந்ததும் எழும் கேள்வி இதுதான்: "எண்ணெய்ப் பலகாரமே தொடுறதில்லை, எனக்கு எப்படி கொலஸ்ட்ரால்?" உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு தட்டிலிருந்து வருவதில்லை. கல்லீரல் முதலான உறுப்புகளே தயாரித்துக்கொள்கின்றன. எவ்வளவு தயாராகும், எவ்வளவு வேகமாக ரத்தத்தைவிட்டு அகலும் என்பதில் மரபணுக்களுக்குப் பெரிய கை உண்டு. சாப்பாடும் நடையும் அதன் மேல்தான் வேலை செய்கின்றன.

1. ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போகும் முன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஆண்களுக்கு 55 வயதுக்குள், பெண்களுக்கு 65 வயதுக்குள் மாரடைப்போ, பைபாஸோ, ஸ்டென்ட்டோ வந்ததா என்று கேளுங்கள். சித்தப்பா, மாமா வரை விசாரித்தால் இன்னும் நல்லது. "திடீர்னு நெஞ்சடைச்சுப் போயிட்டார்" என்று சொல்வார்கள். அப்போது என்ன வயது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. மருந்து எதுவும் எடுக்காதபோதே கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமுக்கு மேல் என்றால் நெய்யை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு, எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து பிடித்து இழுக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பதும், 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவதும் அடையாளங்கள். இவர்களுக்குப் பத்தியம் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். இவர்களின் பிள்ளை ஒல்லியாக இருந்தாலும் சோதித்துவிடுங்கள்.

3. ஒல்லி என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். இதற்குச் சாட்சி புணேயிலேயே இருக்கிறது. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் தங்கள் உடம்பையே அளந்து, 2004-இல் லான்செட் இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம்மவர்களின் இந்த வாகில் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடைக் கூட்டி, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.லைக் குறைக்கிறது. ஆகவே எடை மெஷினைவிடத் தையல் டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

4. ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் எண்ணெயைவிட முதலில் சோற்றின் அளவையும் சர்க்கரையையும் மதுவையும் குறைக்கட்டும். இரவில் சோற்றுக்குப் பதில் ஒரு சோள பாக்ரி, கூடவே முளைகட்டிய மட்கி (நம் நரிப்பயறு) உசள். அதே மட்கிதான் மிசளிலும் இருக்கிறது. மேலே மிதக்கும் தர்ரி எண்ணெயும் தூவும் ஃபர்சாண் மிக்ஸரும்தான் வம்பு. ஓட்ஸ், ராஜ்மா, வெண்டைக்காய், வெந்தயம் ஆகியவற்றின் கரையும் நார் எல்.டி.எல்.லை ஓரளவு இறக்கும்.

5. பிஸ்கட், ஃபர்சாண் பாக்கெட்டைத் திருப்பி, எந்த எண்ணெய் என்று பாருங்கள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி, எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைகொழுப்பு. தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம்.

6. மரபணுவைப் பழிக்கும் முன் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும்.

7. இதய அபாயத்தைக் கூட்டும் கொழுப்புத் துகளான 'லிப்போபுரோட்டீன் ஏ'வுக்கான பரிசோதனையை ஆயுளில் ஒருமுறை செய்தால் பெரும்பாலும் போதும். அதன் அளவு ஏறக்குறைய முழுக்கப் பரம்பரைச் சொத்து. நடந்தாலும் பட்டினி கிடந்தாலும் அசையாது. கூடுதலாக இருந்தால் எல்.டி.எல்., ரத்த அழுத்தம், புகை மூன்றிலும் கறாராக இருங்கள்.

8. ஆபீஸ் கேப்பில் போய் கேப்பிலேயே திரும்புகிறவர்கள், வாரத்துக்கு 150 நிமிட வேக நடையைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடை ட்ரைகிளிசரைடை நன்றாகக் குறைக்கும், எல்.டி.எல்.லில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

9. "எல்லாம் தலையெழுத்து" என்பவர்களுக்கு: சுமார் 55,000 பேரின் தகவல்களை அலசிய ஆய்வு ஒன்று 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மரபணு வழியில் இதய நோய் அபாயம் மிகுந்தவர்களிலும், புகைக்காமை, உடல் பருமனின்மை, உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தோருக்கு, பழக்கம் கெட்டவர்களைவிட அபாயம் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது.

10. மாத்திரை தொடங்கியவர்கள் 6 முதல் 12 வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது எண் இறங்கியிருந்தால் அது மாத்திரையின் வேலை; "சரியாகிவிட்டது" என்று நீங்களாக நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே ஏறிவிடும்.