செடி கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்யாண வரவேற்பு மேசையில் வீட்டு விலையும் வட்டி வீதமும் பேசி முடிந்த பிறகு, யாராவது ஒருவர் கதிரையை நெருக்கி இழுத்துக்கொண்டு கேட்பார்: "அண்ணை, கஞ்சா வளர்க்கிறது இப்ப சட்டப்படி சரிதானே? கொஞ்சக் காசோட தொடங்கலாம் எண்டு சொல்லுகினம். உண்மையோ?"

கேட்பதில் பிழை இல்லை. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. சிறிய அளவில் வளர்ப்பவருக்கென்று தனி அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. ஆனால் காதுவழி வரும் தகவல்களில் பாதி, அந்த ஆண்டின் பங்குச்சந்தைக் காய்ச்சலில் பிறந்தவை. மீதி, "எல்லாம் நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்பவர்கள் பரப்பியவை. வீட்டை அடகு வைக்கும் முன் அவற்றை ஒருமுறை உரசிப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை 1: வீட்டில் நாலு செடி வைக்கலாம். மிஞ்சுவதை விற்றே தொழிலைத் தொடங்கிவிடலாம்.

உண்மை: நாலு செடி என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. ஒரே கூரையின் கீழ் ஆறு பேர் இருந்தாலும் நாலுதான். அதுவும் சொந்தப் பாவனைக்கு. வயதுவந்த நண்பருக்கு 30 கிராம் வரை சும்மா கொடுக்கலாம். கைநீட்டிக் காசு வாங்கினால் அது சட்டவிரோத விற்பனை. கியூபெக்கில் அந்த நாலு செடிக்கும் இடமில்லை; மாகாணத்தின் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மருத்துவத் தேவைக்காகப் பதிவுசெய்து வளர்ப்பவர்களும் விற்க முடியாது. அந்தப் பயிர் நோயாளிக்கு உரியது, சந்தைக்கு அல்ல.

அனுமதியின்றி விற்றால் அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்து ஆண்டோ அதற்கு மேலோ அதிகபட்சத் தண்டனை உள்ள ஒரு குற்றத்தில் தீர்ப்பானால், குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாகக் கொள்ளும். குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிடத்தோடு இருப்பவருக்கு நாட்டில் தங்கும் உரிமையே கேள்விக்குறியாகலாம்.

நம்பிக்கை 2: சிறு வளர்ப்பு அனுமதி என்றால் செலவும் சிறிதுதான்.

உண்மை: கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2018இல் விதித்தபடி, சிறு வளர்ப்பு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 1,638 டொலர். பாதுகாப்புச் சோதனைக்கு உட்படும் ஒவ்வொருவருக்கும் 1,654 டொலர். விலைவாசியோடு சேர்ந்து இவையும் ஏறுகின்றன. என்றாலும் ஒரு பழைய கார் வாங்கும் காசுக்குள் அடங்கிவிடும். ஏமாற்றம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2019 மே 8 முதல் விதி மாறியது. அதற்கு முன் வரைபடத்தோடு விண்ணப்பித்து, முதற்கட்டம் தேறிய பிறகு கட்டிடத்தைக் கட்டலாம். முந்தைய மூன்று ஆண்டுகளில் அப்படித் தேறியவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் கட்டிடத்தைக் கட்டி முடித்ததற்கான ஆதாரத்தை இன்னும் காட்டவில்லை என்று கண்டது கனடிய சுகாதாரத் திணைக்களம். ஆகவே, எல்லா விதிகளுக்கும் அமைவாகக் கட்டி முடித்த இடம் இருந்தால்தான் விண்ணப்பமே போடலாம் என்றாகிவிட்டது.

இதன் பொருளைக் காசுக் கணக்கில் பாருங்கள். செடிகளுக்கான விளக்குகள், அவற்றைத் தாங்கும் மின்னிணைப்பு, ஈரப்பதத்தை இழுக்கும் இயந்திரங்கள், மணத்தை வெளியே விடாத காற்று வடிகட்டி, உலர்த்தும் அறை, பூட்டிய களஞ்சியம், வெளியார் நுழையாதபடி சுற்றுத் தடுப்பு எல்லாம் முதலில் வரவேண்டும். நகரசபையின் நிலப் பயன்பாட்டு விதி அந்த இடத்தில் இந்தத் தொழிலை அனுமதிக்க வேண்டும். உள்ளூராட்சி, பொலிஸ், தீயணைப்பு மூன்றுக்கும் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அதன் பிறகே விண்ணப்பம், காத்திருப்பு. அனுமதி வந்த பிறகு நட்டு, பூக்கவைத்து, வெட்டி, உலர்த்திப் பதப்படுத்த இன்னும் மூன்று நாலு மாதம். வாடகையும் வங்கித் தவணையும் இதற்கெல்லாம் காத்திருக்காது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இந்தத் தொழிலில் செடிதான் சுண்டைக்காய். முதலீட்டைத் தின்பது காத்திருப்பு.

நம்பிக்கை 3: நல்ல சரக்காக இருந்தால் கடைக்காரர் தேடி வந்து வாங்குவார்.

உண்மை: வளர்ப்பு அனுமதி வைத்திருப்பவர் தம் உலர்ந்த பூவைக் கடைக்கு நேரே விற்க முடியாது. பதப்படுத்தும் அனுமதி உள்ள இன்னொருவர் அதை வாங்கி, பரிசோதித்து, பொதிசெய்து, முத்திரை ஒட்ட வேண்டும். ஒன்ராறியோவில் அவர் மாகாண அரசின் மொத்த விற்பனை நிறுவனத்துக்குக் கொடுக்க, அங்கிருந்துதான் கடைகளுக்குப் போகும். கியூபெக்கில் கடையே அரசுடையது. தோட்டத்து வாசலில் கடை வைக்க ஒன்ராறியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வழி உண்டு. அதற்கு வேறு அனுமதி, வேறு செலவு.

யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டக்காரருக்கு இது விளங்கும். ஒருகாலத்தில் நம் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பியிருந்தது. அங்கே தீர்வை ஏறினால் இங்கே துலா மிதித்தவரின் வயிறு கலங்கும். பயிர் தோட்டக்காரனின் கையில். விலை கடலுக்கு அப்பால். கஞ்சாவிலும் அதே கதைதான். வாங்குபவரின் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிடத்தைத் தொடங்குபவரும், கட்டிடத்தைக் கட்டிவிட்டு வாங்குபவரைத் தேடுபவரும் ஒரே தொழிலைச் செய்பவர்கள் அல்லர்.

விளம்பரம் செய்து பெயர் எடுக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். பிரபலங்களின் பரிந்துரைக்கும், வாழ்க்கைப் பகட்டைக் காட்டும் விளம்பரத்துக்கும் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

நம்பிக்கை 4: கிராம் பத்து டொலர் போகுது. ஒரு அறை விளைந்தாலே லட்சாதிபதி.

உண்மை: கிராம் பத்து டொலர் விற்கும் என்று எண்ணிய காலத்தில்தான் கலால் வரியும் வகுக்கப்பட்டது. பூவுக்குக் கிராமுக்கு 1 டொலர் அல்லது தயாரிப்பாளர் விலையில் 10 சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அது. விலை பத்து டொலராக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். விலை விழுந்தபோது அந்த ஒரு டொலர் விழவில்லை. தயாரிப்பாளர் கிராமை 3 டொலருக்குக் கொடுத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு வரி. அதைக் கட்டுபவர் பொதிசெய்பவர்தான். ஆனால் அவர் அந்தச் சுமையை இறக்கிவைப்பது, உங்களிடம் பேசும் கொள்முதல் விலையில்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 200 சதுர மீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம் வீதம் ஒரு போகத்துக்கு 80 கிலோ. ஆண்டுக்கு நாலு போகம், 320 கிலோ. கிராமுக்கு ஒன்றரை டொலர் கிடைத்தால் 4,80,000 டொலர். வாய் பிளக்க வைக்கும் தொகை. இப்போது விலை கிராமுக்கு ஐம்பது சதம் இறங்குகிறது. 1,60,000 டொலர் போய்விட்டது. மின்சாரக் கட்டணமும் சம்பளமும் வாடகையும் ஒரு சதமும் இறங்கவில்லை. லாபம் முழுதும் அந்த ஐம்பது சதத்துக்குள்தான் குடியிருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

நம்பிக்கை 5: சட்டம் இளகிவிட்டது. இனிப் பெரிதாக வளர்க்கலாம்.

உண்மை: பாதி சரி. சிறு வளர்ப்புக்கு 200 சதுர மீட்டராக இருந்த எல்லை, 2025 மார்ச்சில் 800 ஆனது. தட்டுத் தட்டாக அடுக்கினால் இடம் மிஞ்சும் என்ற யுக்தி பலிக்காது. ஒவ்வொரு தட்டின் பரப்பும் கணக்கில் சேரும். எல்லை நாலு மடங்கு கூடியதால் உங்கள் முதலீடு நாலு மடங்கு கூடவில்லை. போதாக்குறைக்கு, அதே சலுகை பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கிடைத்திருக்கிறது. சந்தைக்கு வரும் பூ கூடினால் விலைக்கு என்ன ஆகும் என்று வெங்காயம் பயிரிட்ட குடும்பத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்பிக்கை 6: அது களைச்செடி. தானாக வளரும்.

உண்மை: வேலியோரம் வளரும். விற்கத்தக்கதாக வளராது. அடைத்த அறையில் ஈரம் கொஞ்சம் ஏறினால் இலையில் சாம்பல் நோய், பூவுக்குள் அழுகல். ஹொப் லேட்டன்ட் என்ற வைரோயிட் கத்தரிக்கோல் வழியாகச் செடிக்குச் செடி தொற்றும். வெளியே ஒன்றும் தெரியாது, விளைச்சலும் வீரியமும் குறைந்த பிறகுதான் தெரியும். மருந்தடித்துத் தப்பவும் வழியில்லை. பீடைகொல்லி எச்சத்துக்கான ஆய்வுகூடப் பரிசோதனை 2019 முதல் கட்டாயம். தேறாத சரக்கை விற்க முடியாது. ஆக, முதல் ஆண்டில் ஒரு போகம் முழுதாகப் போனாலும் தாங்கும் காசு கையில் இருக்க வேண்டும்.

நம்பிக்கை 7: பெரிய கம்பனிகள் கோடிக்கணக்கில் கொட்டியிருக்கின்றன. அவர்களுக்குத் தெரியாததா?

உண்மை: கொட்டியவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கனோபி குரோத் நிறுவனம் 2020இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அல்டர்குரோவ், டெல்டா ஆகிய இடங்களில் சுமார் 30 லட்சம் சதுர அடிக் கண்ணாடிக் கூடங்களை மூடியது. ஏறத்தாழ 500 பேர் வேலையிழந்தனர். ஒன்ராறியோவின் ஸ்மித்ஸ் ஃபோல்ஸில் பழைய ஹெர்ஷி சொக்லேட் ஆலையை வாங்கித் தலைமையகமாக்கிய அதே நிறுவனம், 2023இல் அதை ஹெர்ஷியிடமே திருப்பி விற்றது. கான்ட்ரஸ்ட் நிறுவனம் இன்னும் அனுமதி வராத அறைகளில் செடி வளர்த்தது 2019இல் வெளியானது. அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டது, அடுத்த ஆண்டு கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புத் தேடவேண்டி வந்தது.

இதில் சிறியவருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. விழுந்தவர்கள் பெரும்பாலும் சந்தையை மிஞ்சிக் கட்டியவர்கள். ஒரு சிறிய அறையை ஒருவரே தினமும் கண்ணால் பார்த்து, கையால் கத்தரித்து, அவசரமின்றிப் பதப்படுத்தினால் தரத்தில் பெரிய கூடத்தை வெல்லலாம். சிறு முதலுக்கு இருக்கும் ஒரே பலம் அதுதான்.

நம்பிக்கை 8: சணல்வகைக் கஞ்சா போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

உண்மை: கனடாவில் 1998 முதல் அது சட்டபூர்வமான பயிர். போதைப்பொருளான டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அங்கீகரித்த வகைகளையே விதைக்க வேண்டும். அதற்கும் அனுமதிப்பத்திரம் தேவை. விதைக்கும் நாருக்குமான வயற்பயிர் அது. மேற்கு மாகாணங்களில் பரந்த நிலமும் அறுவடை இயந்திரமும் உள்ளவருக்குக் கட்டுப்படியாகும். இரண்டு ஏக்கர்காரருக்கு அல்ல.

நம்பிக்கை 9: ஓடுகிற அனுமதிப்பத்திரம் ஒன்றை விலைக்கு வாங்கலாம். இல்லாவிட்டால் வேறு நாட்டில் தொடங்கலாம்.

உண்மை: அனுமதிப்பத்திரம் கைமாறும் பொருள் அல்ல. நிறுவனத்தின் பங்குகளை வாங்கலாம். புதிய இயக்குநர்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும், பழைய கடனும் வரிப் பாக்கியும் நிறுவனத்தோடு சேர்ந்தே வரும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அனுமதியின்றிக் கஞ்சா பயிரிட்டால் பத்து ஆண்டு வரை கடுங்காவல். உத்தராகண்ட் 2018இல் அனுமதிக்கத் தொடங்கியது போதை குறைந்த சணல்வகையை மட்டுமே. தாய்லாந்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களும் உண்டு. அங்கே 2022 ஜூனில் தடை நீங்கியது. 2025 ஜூனில் மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் பூ வாங்கலாம் என்று திரும்பிவிட்டது. மூன்று ஆண்டு, ஒரு கடனை அடைக்கக்கூடப் போதாது.

அப்படியானால் கொஞ்சக் காசு உள்ளவர் என்ன செய்யலாம்? முதலில், அனுமதி பெற்ற ஒரு தோட்டத்தில் ஓராண்டு சம்பளத்துக்கு வேலை செய்யுங்கள். அந்தப் பாடத்துக்கு அவர்களே காசு தருவார்கள். அடுத்து, பூவை விட்டுவிட்டு விதையும் கன்றும் விற்கும் நாற்றுமேடை அனுமதியைப் பாருங்கள். உலர்த்தும் அறை, பதப்படுத்தல் என்று நீளும் சங்கிலியின் பெரும்பகுதி அதில் குறையும். பூதான் வேண்டும் என்றால், நகரசபையின் பதிலும் வாங்குபவரின் கையெழுத்தும் வந்த பிறகு குத்தகையில் கையெழுத்திடுங்கள். கட்டிடம் முடியும்போது, வருமானமே இல்லாமல் ஓராண்டு ஓட்டும் காசு வங்கியில் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சாது என்று கணக்கு சொன்னால், அந்தக் கணக்கை நம்புங்கள்.

வரவேற்பு மேசையில் கேட்ட தம்பிக்கும் என் பதில் இதுதான்: தொழில் சட்டப்படி சரி. உங்கள் காசுக்குச் சரியா என்று பார்க்க, செடியை எண்ணாமல் மாதங்களை எண்ணுங்கள்.