சர்வோ வால்வும் எண்ணெய்ச் சுத்தமும்

கேள்வி: எங்கள் பட்டறைப் பிரஸ்ஸுக்கென்றே செய்து வாங்கிய சர்வோ ஹைட்ராலிக் அமைப்பு அடிக்கடி நடுங்குகிறது. வால்வை மாற்றிவிடலாமா?
– வாசகர், மெட்டுகுடா, ஹைதராபாத்

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் எண்ணெயைப் பாருங்கள். இன்றைய சர்வோ வால்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் வில்லியம் மூக் 1951-இல் உருவாக்கிய வால்வின் வழிவந்தவை. உள்ளே ஸ்பூலுக்கும் (நகர்ந்து எண்ணெயைத் திருப்பிவிடும் உருளை) அதன் உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசி சிக்கினாலும் ஸ்பூல் தடுமாறும், புது எண்ணெயிலும் அந்தத் தூசி இருக்கலாம். புது டிரம்தானே என்று எண்ணெயை நேராக ஊற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஃபில்டர் வழியாகவே நிரப்புங்கள். வால்வுக்கு முன்னால் பைபாஸ் இல்லாத பிரஷர் ஃபில்டரும் அவசியம். குழாய் மாற்றியிருந்தால், அழுத்தத்தை முழுதும் இறக்கி, வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் ஃபிளஷிங் பிளேட் பொருத்திச் சில மணி நேரம் எண்ணெயை ஓட்டுங்கள். பிறகும் நடுங்கினால், கன்ட்ரோலரில் கெயினைச் சற்றுக் குறையுங்கள். பொசிஷன் சென்சார் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.