கடல் கடந்து வந்த குடும்பத்தின் தாள்களைக் காத்தல்

1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலிலிருந்து டில்பரித் துறைமுகத்தில் இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறியவர்களும் விட்டுச்சென்ற கடிதங்கள், கடவுச்சீட்டுகள், சம்பளச் சீட்டுகள் ஆகியவை குடியிருப்பு உரிமைக்கே சான்றாக நிற்கக்கூடியவை. வருகை அட்டைகளை, அதாவது வந்திறங்கியோரின் விவரம் பதிந்த சீட்டுகளை, பிரிட்டிஷ் உள்துறை 2010-இல் அழித்துவிட்டமையால் வீட்டுப் பெட்டியில் எஞ்சிய தாள்களின் மதிப்பு மேலும் உயர்ந்துள்ளது.

தானே உறையாக மடியும் மெல்லிய வான்கடிதங்களை விரித்து, துருவேறிய குண்டூசிகளை மெல்ல நீக்கி, தாளை மஞ்சளாக்கி நொறுக்கும் அமிலம் கலவாத உறைகளில் இடுதல் வேண்டும். லேமினேஷனும் ஒட்டுநாடாவும் அறவே கூடாது. அஞ்சல் முத்திரை நாளையும் ஊரையும் காட்டுவதால் உறையைக் கடிதத்தோடு சேர்த்தே வைத்து, எழுதியவர், பெற்றவர், இருவரின் உறவுமுறை ஆகியவற்றைத் தனித்தாளில் பென்சிலால் குறிக்க வேண்டும். கடிதங்களில் வரும் செல்லப்பெயர்கள் யாரைச் சுட்டுகின்றன என்பதை மூத்தோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைப்பது இப்பணியில் தலையாயது, ஏனெனில் அவ்விவரம் வேறெந்த ஆவணத்திலும் கிடைப்பது அரிது. ஈரம் தங்கும் நிலவறையும் வெப்பம் தேங்கும் பரணும் ஏற்றவையல்ல. மின்படி எடுத்தபின்னும் மூலத்தைக் களையலாகாது. குடும்பத்தால் பேண இயலாத நிலையில், லண்டன் பிரிக்ஸ்டனில் 1981-இல் தொடங்கப்பட்ட கறுப்பினப் பண்பாட்டு ஆவணக்காப்பகம் போன்ற நிறுவனங்களை அணுகலாம்.