பற்கடிப்பும் பற்காப்பு உறையும்

உறக்கத்தில் பற்களை நறநறவென்று கடிப்பவர் பெரும்பாலும் அதனை அறியார். அருகில் உறங்குவோரே அறிவர். காலையில் தாடை வலி, நெற்றிப்பொட்டில் வலி, தேய்ந்து தட்டையான பல் நுனிகள் ஆகியவை இதன் அறிகுறிகளாகும். பல்லின் மேலுறையான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எனினும், தேய்ந்தபின் அது மீண்டும் வளர்வதில்லை.

இத்தேய்வைத் தடுப்பதே பற்காப்பு உறையின் பணி. பல் மருத்துவர் பற்களின் அச்சை எடுத்து, அதிலிருந்து மாதிரியுருவம் வார்த்து, அதற்கேற்ப அக்ரிலிக் பிசினால் உறையை அமைக்கிறார். ஒருவருக்கென அமைந்தது பிறருக்குப் பொருந்தாது. இரவில் அணிந்து, காலையில் குளிர்ந்த நீரில் துலக்கி வைத்தல் வேண்டும். வெந்நீர் பட்டால் உருத்திரியக்கூடும்.

பல்லுக்குப் பதிலாக உறை தேய்கிறது. ஆனால் பழக்கம் அதனால் நீங்குவதில்லை. மனக்கவலை, புகை, மது ஆகியவற்றையும் கவனித்தல் வேண்டும்.

சிறுவரிடம் காணும் பற்கடிப்பு, நிலைப்பற்கள் முளைத்தபின் பெரும்பாலும் தானே மறையும். தாடை வளரும் பருவமாதலால் உறை பொதுவாகத் தேவைப்படாது. பற்கடிப்பை மட்டும் கண்டு வயிற்றில் புழு என முடிவு செய்தல் தவறு. வலி நீடித்தாலோ, வாய் திறக்க இயலாவிடினோ, அவரைப் பல் மருத்துவரிடம் அனுப்புதல் களப்பணியாளர், ஆசிரியர் கடமையாகும்.