வீழிமிழலையில் காசும் புகலூரில் பொன்னும்

பொருளைப் பற்று நீக்கிக் கையாளுதல் என்பது பொருளை வெறுத்தல் அன்று. இவ்வேறுபாட்டைத் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றில் இரண்டு திருத்தலங்கள் நன்கு விளக்குகின்றன.

சோழநாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலத்தில் அப்பரும் திருஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்தனர். அடியார்கள் பசித்திருத்தல் கண்டு இருவரும் வருந்தினர். இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் நீங்கும் வரை நாள்தோறும் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் ஒவ்வொரு காசு வைப்பதாக அருளினார். அப்படிக்காசுகளைக் கொண்டு இருவர் திருமடங்களிலும் அடியார்க்கு அமுது படைக்கப்பட்டது.

ஆயினும் சம்பந்தர் மடத்தில் மட்டும் அமுது காலந்தாழ்ந்தே ஆயிற்று. காரணம் வினவியபோது, மடத்துப் பரிசனங்கள் உண்மையைக் கூறினர். அக்காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர். அப்பர் பெருமானின் காசையோ வாசி இன்றி உடனே ஏற்றுப் பண்டங்களைத் தருகின்றனர். வாசி என்பது காசை மாற்றும்போது கழிக்கப்படும் வட்டம். இறைவன் தந்த காசு என்பதற்காகக் கடைத்தெரு தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது!

அப்பர் உழவாரப்படை ஏந்தி, மெய்வருந்தத் திருக்கோயில் பணி செய்பவர். அக்கைத்தொண்டே அவர் காசுக்கு வாசி இல்லாமைக்குக் காரணம் என்று சம்பந்தர் உணர்ந்தார். இதில் அவருக்குப் பொறாமை சிறிதும் எழவில்லை. வாசி தீர்ந்த காசு வேண்டித் திருப்பதிகம் பாடினார். மறுநாள் முதல் நற்காசு கிடைத்தது. தமக்கென்று ஒரு காசும் வேண்டாதவர், அடியார் சோறு தாழ்கின்றது என்றதும் காசின் தரத்தையே இறைவனிடம் முறையிட்டார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

பின்னாளில் அப்பர் திருப்புகலூரில் உழவாரப்பணி செய்துவந்தார். அவருடைய நிலையை உலகறியச் செய்யத் திருவுளம் கொண்ட பெருமான், உழவாரம் படும் இடமெல்லாம் பொன்னும் நவமணிகளும் கிடக்குமாறு செய்தார். சுவாமிகள் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தில் ஏந்தி, அருகிருந்த தாமரை வாவியில் எறிந்தார்.

வீழிமிழலையில் ஒரு காசை நாள்தோறும் ஏற்றவர், புகலூரில் பொற்குவியலை எறிந்தது ஏன்? அங்குக் காசுக்கு எதிரே பசித்த வயிறுகள் இருந்தன. காசு வந்த அன்றே சோறாயிற்று. இங்கோ பொன்னுக்கு வேலை ஏதும் இல்லை. பிரகாரத்தில் நடப்போர் காலில் தைக்கும் கல்லும் அதுவும் ஒன்றே. இரண்டும் அகற்றப்பட வேண்டியவை. பெருமுயற்சியுடன் ஆசையை அடக்கினார் என்று சேக்கிழார் பெருமான் பாடவில்லை. அங்கு அடக்குவதற்கு ஆசையே எழவில்லை.

இந்நிலை முதுமையில் திடீரென வந்ததன்று. மருள்நீக்கியார் என்னும் பெயரோடு இளமையில் பெற்றோரை இழந்த காலத்திலேயே, தம் செல்வத்தைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தவர் அவர். பொன்னுக்குப் பின் அரம்பையரும் ஆடிப் பாடிச் சோதித்துத் தோற்று அகன்றனர். அதே புகலூரில், சித்திரைச் சதய நன்னாளில் சுவாமிகள் இறைவன் திருவடியில் கலந்தருளினார்.